ஈரப் பூவின் எடை

“நீ எத்தனை கிலோ இருப்பே?”

இளவரசியிடம் அதுவரை யாரும் அவளைப் பற்றி இப்படி நேராக எதையும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா, நூல் சுற்றியாயிற்றா, மாடியில் காய்கிற துணியை எடுத்தாயா, இவ்வளவுதான் அவள் காதில் விழுகிற கேள்விகள். பெண் பார்க்க வந்துவிட்டுப் போன இரண்டு வீட்டாரும்கூட, பெண் ஏன் இப்படி இளைத்திருக்கிறாள் என்று அவள் அம்மா புவனேஸ்வரியிடம்தான் கேட்டார்கள். இப்போதும் அம்மாதான் முந்திக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாது என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

கேட்டவளுக்கு அந்த விளக்கம் வேண்டியிருக்கவில்லை. “ஏறி நில்லு,” என்று தராசைக் காட்டினாள். இளவரசி பூத்தட்டைத் தூணோரம் வைத்துவிட்டு ஏறி நின்றாள். முள் நாற்பத்தொன்றில் நின்றது.

“இவங்கதான்,” என்றாள் ஸிந்துஜா. “எனக்கு இவங்கதான் வேணும்.”

இது நடந்தது பிள்ளையார்பாளையத்துத் தெருக்கோடி சுப்பிரமணியர் கோயில் மண்டபத்தில். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் குறித்திருந்தார்கள். பட்டு ஜவுளிக்கடை குமாரசாமிதான் திருப்பணிக் கமிட்டித் தலைவர். பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்தில் வானத்திலிருந்து பூ தூவினார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஹெலிகாப்டருக்கு அலைந்து பார்த்தார்கள், அது அமையவில்லை. கடைசியில் ஒரு விமானப் பயிற்சிக் கிளப்பிலிருந்து நாலு பேர் உட்காருகிற, ஒற்றை என்ஜின் வைத்த சின்ன விமானம் கிடைத்தது. அதை ஓட்டி வருகிறவள்தான் ஸிந்துஜா. சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. முருகனுக்குப் பூ தூவப் பெருமாள் வீட்டிலிருந்து ஆள் வருகிறது, மாமன் முறைக்குச் சீர் என்று கமிட்டிக்காரர் முருகேசன் சொல்லி, தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஸிந்துஜா வந்ததும் முதல் வேலையாக அரிசி மண்டியிலிருந்து தராசு கொண்டுவரச் சொல்லிவிட்டாள். விமானத்தில் ஏற ஆசைப்பட்டவர்களை எல்லாம் ஒவ்வொருவராக நிறுத்தினாள். குமாரசாமி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து வைத்தார், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மகனிடம் கொடுத்தார், மூச்சைக்கூடக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். தொண்ணூற்றாறு காட்டியது.

“ஆடி வந்தா நாங்களே தள்ளுபடி தர்றோம். உங்க ஏரோப்ளேன்ல ஒண்ணும் கிடையாதாம்மா?” என்றார்.

“காத்து தள்ளுபடி தராது சார்.”

அவருக்குப் பதிலாக அவர் மகன் ஆனந்தகுமார் போவது என்று முடிவாயிற்று. அவன் அறுபத்தெட்டு. குமாரசாமி ஒரு டன் பூ சொல்லி வைத்திருந்தார். அதைக் கேட்டதும் ஸிந்துஜா பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தூணில் வைத்துப் பேனாவால் எழுதிக் காட்டினாள். விமானம் வெறுமனே நின்றாலே அறுநூற்றறுபது கிலோ. முசரவாக்கம் தாண்டி, திறக்காமலே போன ஒரு மில்லுக்காரர் போட்டு வைத்திருக்கிற ஓடுபாதையிலிருந்துதான் எழும்ப வேண்டும். அது குட்டையான பாதை, கோடியில் பனைமர வரிசை வேறு. வைகாசி வெயிலில் அந்தப் பாதையில் தொள்ளாயிரத்து அறுபதுக்கு மேல் ஒரு கிலோவும் ஏற்ற மாட்டேன் என்றாள். ஆக இருப்பது முந்நூறு. திரும்பக் கிளப்புக்குப் போகிற வரைக்கும் வேண்டிய பெட்ரோல் எழுபத்தைந்து. ஸிந்துஜா ஐம்பத்தாறு. ஆனந்தகுமார் அறுபத்தெட்டு. பின்னால் உட்கார்ந்து கூடையைச் சரிக்க இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆள் எவ்வளவு இளைத்தவராக இருக்கிறாரோ அவ்வளவு பூ போகும்.

நாற்பத்தொன்றையும் கழித்துவிட்டு, மிஞ்சிய எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அறுபது.

“அறுபது கிலோ பூவா?” என்றார் முருகேசன். “கல்யாண மண்டபத்து வாசலுக்கே அதுக்கு மேல ஆவும்மா.”

கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று குமாரசாமி கேட்டார். ஸிந்துஜா இன்னொரு தாளை விரித்தாள். கட்டம் கட்டமாக எண்கள். இடது பக்கம் எடை, மேலே வெயிலின் அளவு, கட்டத்துக்குள்ளே தரையை விட்டு எழும்ப எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது. வெயில் ஏற ஏறக் காற்று இளகிப்போகும், இறக்கைக்குப் பிடிப்புக் குறையும், என்ஜினுக்கும் மூச்சு குறையும், பாதை போதாமல் போகும் என்றாள். கமிட்டிக்காரர்கள் அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். இளவரசி மட்டும் விலகவில்லை. இன்ன எடை, இன்ன வெயில், அப்படியானால் இன்ன தூரம். பார்க்கலாம், ஆகட்டும், சொல்லி அனுப்புகிறோம் என்கிற பேச்சே அந்தத் தாளில் இல்லை. கேட்டதற்கு ஒரு பதில், அதுவும் வாய் திறக்காமலே. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஸிந்துஜா அதைக் கவனித்திருக்க வேண்டும். தாளை மடித்து அவள் கையில் கொடுத்தாள். கூடைகள் அவள் பொறுப்பு என்றாள். ஈரமில்லாத பூ, உதிரியாக. தண்ணீர் தெளிக்கக் கூடாது. நிறுத்துக் கட்டிய பிறகு ஓர் இதழ்கூடச் சேர்க்கக் கூடாது. காசு, எலுமிச்சம்பழம், கெட்டியாக எதுவுமே கூடாது. முன் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கேதான் கூடைகளை வைக்கப்போகிறார்கள், பக்கத்திலேயே விமானத்தைத் திருப்பக் காலால் அழுத்துகிற மிதிகள். ஒரு காசு உருண்டு மிதிக்கு அடியில் சிக்கினால் விமானம் அவள் சொன்னபடி திரும்பாது.

“புரிஞ்சுதா?”

இளவரசி தலையாட்டினாள்.

“தலையாட்டாதே. வாயால சொல்லு.”

“புரிஞ்சுது,” என்றாள் இளவரசி. பக்கத்தில் நின்ற அம்மாவே திரும்பிப் பார்த்தாள்.

இளவரசியின் வாய் விஷயம் தெருவுக்கே தெரிந்ததுதான். பதினொன்றாவதில் இயற்பியல் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த ஆசிரியர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். பதில் அவளுக்குத் தெரியும், நாக்கு வரைக்கும் வந்து நின்றது. அவர் மறுபடி கேட்டார், பிறகு ஊமையா என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் காய்ச்சல் என்று படுத்தவள் அப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை. போகச் சொல்லி வீட்டில் யாரும் பெரிதாக வற்புறுத்தவுமில்லை. அப்பா கைலாசத்தின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்க ஒரு கை தேவையாக இருந்தது. அதற்குப் பிறகு நாட்கள் ஒன்றைப் போலவே ஒன்று வந்தன. கல்யாணம் ஆனால் வேறு வீட்டில் வேறு தறிக்கு நூல் சுற்றுவாள், அதுவும் அவளுக்குத் தெரியும். அதில் கோபப்படுவதற்கு என்ன இருக்கிறது என்றுகூட அவள் யோசித்ததில்லை.

இப்போது திடீரென்று ஓர் இருக்கை. விமானத்தின் பின்பக்கம், வார் போட்டுக் கட்டிக்கொண்டு, திறந்த பக்கத்தில் தெருவையும் தறிகளையும் குளத்தையும் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டு. என்ஜின் போடுகிற இரைச்சலில் மேலே யாரும் யாரோடும் பேச முடியாது என்று ஸிந்துஜா சொல்லியிருந்தாள். ஜாடைதானாம். அதை நினைத்து நினைத்து இளவரசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாருமே பேச முடியாத ஓர் இடம் இருக்கிறது, அங்கே போக அவளுடைய எடைதான் பொருத்தம். காற்றடித்தால் பறந்துவிடுவாய் என்று கேலி பேசிய உடம்பைத் தராசு வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

தெருவில் அவளுக்கு ஏரோப்ளேன்காரி என்று பேராகிவிட்டது. அம்மாவுக்கு வேறு கணக்கு. விமானத்தோடு ஒரு போட்டோ எடுத்து வைத்தால் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டலாம். அப்பா தறியில் உட்கார்ந்தபடியே, பயமாயிருந்தால் போக வேண்டாம் என்று ஒரு முறை சொன்னதோடு சரி. இளவரசி ஒவ்வொரு நாளும் முறத்தில் உமியை வைத்துக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று, கட்டி கட்டியாக விழாமல் தூவிப் பழகினாள். சாப்பாடு பாதிதான். சோற்றை ஏன் ஒதுக்குகிறாய் என்று அம்மா அதட்டியபோது நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பூ வந்தது. அரளி, சாமந்தி, பன்னீர் ரோஜா. காம்பு நீக்கி உதிர்த்து, மண்டபத்தில் தராசை வைத்து நிறுத்து, ஆறு மூங்கில் கூடைகளில் பிரித்தார்கள். சரியாக அறுபது. முருகேசன் வெள்ளைத் துணி போட்டு மூடிவிட்டு யாகசாலை வேலையாகப் போனார். இளவரசியும் அம்மாவும் காவல்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எதிர்வீட்டு அம்சா வந்தாள். மடியில் ஒரு கை மல்லிகை.

“எங்க வீட்டுக் கொடியில பூத்தது. சாமி தலையில மேலேர்ந்து விழப் போவுதே, என் பூவும் நாலு சேர்ந்து போவட்டும்மா,” என்று சொல்லிக்கொண்டே துணியை விலக்கிப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இளவரசியின் வாய் திறந்தது. கை நீண்டது. ஆனால் சாமிக்கென்று ஒருத்தி போட்ட பூவை எப்படி எடுத்து வெளியே போடுவது? ஒரு கைப் பூ என்ன எடை இருந்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அம்சா வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தெருவில் எந்தக் கோயில் காரியமானாலும் வீட்டுக்கு ஒரு கை சேர்ப்பது வழக்கம். பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு கை அரிசி, திருக்கல்யாணத்துக்கு வீட்டுக்கு ஒரு மஞ்சள் கிழங்கு. தன் வீட்டுக் கை சேராத காரியத்தில் தனக்குப் பங்கில்லை என்று நினைக்கிறவர்கள். வீடு வீடாக வந்தார்கள். முறத்தில், டப்பாவில், முந்தானையில். சிலர் பூவோடு ஒரு எலுமிச்சம்பழம். சிலர் மஞ்சள் துணியில் முடிந்த காசு. பிள்ளைக்கு உடம்பு தேறட்டும், மகன் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று வாய்க்குள் ஏதோ சொல்லி, கூடைக்குள் கையை ஆழமாக விட்டு வைத்தார்கள்.

ஒவ்வொருவர் வரும்போதும் இளவரசி எழுந்து நின்றாள். சேர்க்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். மூன்று சொல்கூட இல்லை. அந்தச் செய்முறைத் தேர்வில் நின்றது போலவே சொல் நாக்கில் வந்து நின்றது. ஏரோப்ளேன்காரி மரியாதைக்கு எழுந்து நிற்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு, தாடையைத் தொட்டுக் கொஞ்சிவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போட்ட பிறகு புவனேஸ்வரியும் எழுந்தாள். இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் முடிச்சை எடுத்து இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டு கூடைக்குள் வைத்தாள். அவள் யாருக்காக வேண்டிக்கொண்டாள் என்று கேட்கத் தேவையே இல்லை. இளவரசியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்ன சொல்ல முடியும்?

கடைசியாகத் தண்ணீர். பூ வைத்துப் பழகின ஊரில் இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெயில் காலத்தில் பூவைச் சும்மா மூடி வைத்தால் விடிவதற்குள் புழுங்கிக் கருத்துவிடும். அம்சா ஒரு குடம் கொண்டு வந்தாள். அப்போதுதான் இளவரசிக்குக் குரல் வந்தது.

“தண்ணி வேணாம்னு சொன்னாங்க.”

“யாரு?”

“ஏரோப்ளேன் அக்கா.”

“அந்தம்மாவுக்கு ஏரோப்ளேன் தெரியும், பூ தெரியுமா?” என்று அம்சா சிரித்தாள். “வாடினதையா சாமி மேல போடுவாங்க? நல்லா கேட்ட போ.”

கையால் அள்ளி அள்ளித் தெளித்தார்கள். ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்கள். இளவரசி தூணோரம் போய் உட்கார்ந்தாள். மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். அறுபதுக்கு மேல் என்றால் அடுத்த வரிசை, அதற்கும் மேல் என்றால் அதற்கடுத்தது. கீழே போகப் போக எண்கள் பெரிதாகிக்கொண்டே போயின. ஸிந்துஜாவுக்குச் சொல்லிவிடலாம் என்றால் நம்பர் முருகேசனிடம்தான் இருந்தது. முருகேசனிடம் கேட்டால் எதற்கு என்று கேட்பார். எதற்கு என்று சொல்ல வேண்டும். காலையில் எப்படியாவது சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். தாள் அப்படிச் சொல்லவில்லை. அவளாக நினைத்துக்கொண்டாள்.

காலையில் வேனில் கூடைகளோடு ஓடுபாதைக்குப் போனார்கள். விமானம் அதற்குள் வந்து நின்றிருந்தது. வெள்ளையும் நீலமுமாக, அவள் நினைத்ததைவிடச் சின்னதாக, கை வைத்தால் ஆடுகிற மாதிரி இருந்தது. கிளப்பின் மெக்கானிக் ஜீப்பில் வந்து ஒரு பக்கத்துக் கதவையும் முன் இருக்கையையும் கழற்றி வைத்திருந்தார். ஸிந்துஜா இளவரசியைப் பார்த்துச் சிரித்தாள். “சாப்பிட்டியா? சாப்பிடலன்னா மேல தலை சுத்தும்,” என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். பின் இருக்கையில் உட்காரவைத்து, வாரைத் தோளில் போட்டு இழுத்து, பூட்டிக் காட்டினாள். ஆனந்தகுமார் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தான். இளவரசி வாரின் பூட்டை விரலால் தடவிப் பார்த்தாள். உட்கார்ந்தாயிற்று. இனி யார் எழுப்பப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

முதல் கூடையைத் தூக்கிய மெக்கானிக், தூக்கிய வேகத்திலேயே கீழே வைத்தார்.

“மேடம், இது பத்து கிலோ இல்ல.”

ஸிந்துஜா சாக்கை விலக்கிக் கையை விட்டாள். கை நனைந்து வந்தது. உள்ளங்கையில் இதழ்களோடு ஒரு எலுமிச்சம்பழம். எல்லாக் கூடையிலும் கையை விட்டு, அகப்பட்ட பழங்களையும் காசு முடிச்சுகளையும் பொறுக்கி முருகேசனிடம் கொடுத்தாள். ஜீப்பிலிருந்த தராசை இறக்கச் சொன்னாள். ஆறு கூடைகளையும் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தார்கள். தொண்ணூற்றொன்பது.

“முப்பத்தொன்பது கிலோ அதிகம்,” என்றாள். “இதை யார் சேர்த்தது?”

முருகேசன் அசட்டையாகச் சிரித்தார். தெருப் பொம்பளைங்க ஆசைக்கு ஒரு கை போட்டிருப்பாங்க, பூதானேம்மா என்றார். ஸிந்துஜா அவரைப் பார்க்கவே இல்லை. பின் இருக்கையைப் பார்த்தாள்.

“உங்கிட்டதானே சொன்னேன். நீ ஏன் அவங்ககிட்ட சொல்லல?”

இளவரசி வாரைப் பிடித்துக்கொண்டாள். பதில் இருந்தது. நாக்கு வரைக்கும் வந்தது.

“நீ ஏன் சொல்லல?”

குமாரசாமி வாட்சைப் பார்த்தார். கோயிலில் கலசத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது என்று போன் வந்துகொண்டேயிருந்தது. ஸிந்துஜா, முப்பத்தொன்பது கிலோ பூவை இங்கேயே எடுத்துவிடலாம் என்றாள். முருகேசன் முகம் மாறிவிட்டது. சாமிக்கென்று வைத்ததை, ஊர்ப் பெண்கள் வேண்டிக்கொண்டு போட்டதை, மண்ணில் கொட்டுவதா? எந்த வீட்டுப் பூவை எடுப்பது, எந்த வீட்டுப் பூவை விடுவது? நாளைக்குத் தெருவில் நடக்க முடியுமா? மெக்கானிக்கூட அதற்குத் தலையாட்டினார். ஸிந்துஜாவுக்கும் அது தெரியாததல்ல. அவள் வீட்டிலும் பெருமாளுக்கு எடுத்த பூ தரையில் விழாது. தன் கணக்குத் தாளை எடுத்து மறுபடி பார்த்தாள். பெட்ரோலைக் குறைத்தால் திரும்பிப் போக முடியாது.

மிச்சம் இருந்தது மனிதர்கள். ஓட்டுகிறவள் இறங்க முடியாது. குமாரசாமி மகனின் பெயரைச் சொல்லவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “அந்தப் பொண்ணு வெயிட்டு எவ்வளவுன்னு சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“நாற்பத்தொண்ணு,” என்றார் மெக்கானிக்.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணக்கு எல்லோருக்கும் வந்துவிட்டது. இளவரசிக்கு எல்லோருக்கும் முன்னாலேயே வந்துவிட்டது. பூட்டைத் திறக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. மாட்டக் காட்டிக் கொடுத்தார்களே தவிர, கழற்றக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனந்தகுமார்தான் குனிந்து கழற்றிவிட்டான். “அடுத்த தடவை போலாம், என்ன?” என்றான். நல்ல பையன்தான்.

விமானம் ஓடத் தொடங்கியது. தூசி கிளம்பியது. தாளில் இருந்த தூரம் இளவரசிக்கு மனப்பாடம். ஓடுபாதையோரம் அந்த இடம் எது என்று வந்ததுமே பார்த்து வைத்திருந்தாள், ஒரு வெள்ளைக் கல்லுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். சக்கரம் சரியாக அங்கேதான் தரையை விட்டது. பனைமரங்களின் தலைக்கு மேல் எழும்பி ஊர்ப்பக்கம் திரும்பியது. அவள் இல்லாமல் எல்லாம் சரியாக இருந்தது. இன்னும் இரண்டு கிலோ மிச்சம்கூட.

குமாரசாமியும் முருகேசனும் காரில் கோயிலுக்குப் பறந்தார்கள். இளவரசி வேன் நிழலில் நின்றாள். முகூர்த்த நேரம் தாண்டிக் கொஞ்சத்தில் வேன் டிரைவரின் போனுக்கு யாரோ வீடியோ அனுப்பினார்கள். அவர் அவளிடம் காட்டினார். கோபுரத்துக்கு மேல் விமானம் சாய்ந்து போனது. ஆனந்தகுமார் ஒற்றை ஆளாகக் கூடையைச் சரித்திருக்கிறான். ஈரப் பூ தூவலாக விழவில்லை, கட்டி கட்டியாக விழுந்தது. முதல் கட்டி கோபுரத்தைத் தாண்டிக் கடைத்தெருவில், அடுத்தது யார் வீட்டுத் தகரக் கூரையிலோ. இரண்டு மூன்று இதழ்கள் கலசத்துக்குப் பக்கத்தில் போயிருக்கலாம். ஆனாலும் கூட்டம் அரோகரா என்று கத்தியது, பெண்கள் குலவையிட்டார்கள்.

டிரைவரின் போன் மறுபடி அடித்தது. அம்மா. இறங்கிவிட்டாளா பெண் என்று அவரைக் கேட்டாள். அவர் போனை இளவரசியிடம் நீட்டினார்.

“உன்னைப் பாத்தோம்மா,” என்றாள் புவனேஸ்வரி. அழுதுகொண்டிருந்தாள். “மாடியிலேர்ந்து எல்லாரும் பாத்தோம். அம்சாதான் முதல்ல பாத்தா. உன் கை தெரிஞ்சுதாம். நீ கை ஆட்டினியாமே? தெருவே உனக்குக் கை ஆட்டிக்கினு இருந்துது. அப்பாகூடத் தறியை விட்டு எழுந்து வந்துட்டாரும்மா.”

“உம்,” என்றாள் இளவரசி.

“பயமா இருந்துதா?”

“இல்லம்மா.”

விமானம் திரும்பி வந்து இறங்கியபோது வெயில் இன்னும் ஏறியிருந்தது. ஆனந்தகுமார் வெளுத்த முகத்தோடு இறங்கி, ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, அவனுக்காக வந்த காரில் படுத்துக்கொண்டான். கார் போயிற்று. மெக்கானிக் கதவை மாட்டினார், இருக்கையை மாட்டினார், ஸிந்துஜா நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார், ஜீப்பில் ஏறிப் புறப்பட்டார். வேன் டிரைவர் காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இளவரசி விமானத்துக்கு ஏழெட்டு அடி தள்ளி நின்றாள். அவள் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, நிறுத்த முடியவில்லை. பூ இல்லை. அறுபத்தெட்டு கிலோ இறங்கிவிட்டது. பெட்ரோலிலும் கொஞ்சம் எரிந்துவிட்டது. இந்த வெயிலுக்குக்கூட இப்போது நிறைய இடம் இருக்கிறது. நாற்பத்தொரு கிலோ ஏறினாலும் அந்த வெள்ளைக் கல்லுக்கு வெகு முன்னாலேயே எழும்பிவிடும். ஒரே ஒரு சுற்று. தெருவுக்கு மேல்கூட வேண்டாம், பனைமரம் வரைக்கும். போதும். அப்போது அம்மாவிடம் சொன்னது பாதியாவது உண்மையாகும்.

ஸிந்துஜா உள்ளே குனிந்து தரையைக் கையால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஈர இதழ்கள், ஒரு நசுங்கிய எலுமிச்சம்பழம். பிறகு கால்மிதிகளுக்கு அடியில் கையை நுழைத்தாள். வெகு நேரம் எதையோ இழுத்தாள்.

இளவரசி ஓர் அடி முன்னால் வைத்தாள்.

“அக்கா.”

வந்துவிட்டது. அவளாகவே, யாரும் கேட்காமல், சத்தமாக.

ஸிந்துஜா நிமிர்ந்து இறங்கி வந்தாள். வேர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. விரல்களில் கறுப்பு மசகு. அவள் கைக்குள் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. துணி கிழிந்து, மிதி அழுத்திய இடத்தில் காசின் விளிம்பு தெரிந்தது. மஞ்சள் துணி எந்தப் புடவையின் ஓரம் என்று இளவரசிக்குத் தெரிந்தது. வீட்டில் தினமும் பார்க்கிறதுதான்.

ஸிந்துஜா அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, முடிச்சை அதில் வைத்தாள். ஏதோ கேட்கப் போகிறவள் போல இளவரசியின் முகத்தைப் பார்த்தாள். மேலே அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் விமானம் சாய்ந்தபோது அவள் காலுக்கடியில் என்ன நடந்தது என்பது அந்தப் பார்வையில் இருந்தது. திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

ஸிந்துஜா திரும்பிப் போய் ஏறினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. விசிறி சுழன்றது. இளவரசியின் காலைச் சுற்றி ஈர இதழ்கள் பறந்தன. விமானம் ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பியது, ஓடியது, வெள்ளைக் கல்லுக்கு வெகு முன்னாலேயே, கனமே இல்லாதது போல எழும்பி, பனைமரங்களைத் தாண்டிப் போய்விட்டது.